போர்ச் செலவு ஓட்டும் எத்திக்ஸ் கமிட்டியும்: 2005–2010 அமெரிக்க காங்கிரஸ், ஜான் மர்த்தாவை முன்வைத்து

#1 தென்திசை

உக்ரைன் நிதி இழையில் டல்லாஸ் குமரன் ஒரு வரி போட்டிருந்தார்: "போருக்குப் பணம் தர மறுப்பவர்களின் பின்னணியைத் தோண்டுங்கள், எல்லாம் வெளியே வரும்." அங்கேயே பதில் எழுதினால் அந்த இழை திசைமாறும். அதனால் இது தனி இழை.

நான் சொல்ல வருவது இதுதான். தோண்டினால் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது தோண்டுகிறார்கள்? ஜான் மர்த்தா கதையைப் பாருங்கள்.

பென்சில்வேனியாவில் ஜான்ஸ்டவுன் வட்டாரத்திலிருந்து 1974 முதல் ஜெயித்துவந்த ஜனநாயகக் கட்சிக்காரர். மரைன் படை அதிகாரி. வியட்நாமில் சண்டையிட்டவர்களில் முதலில் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். 2002-இல் இராக் போருக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்கும் கேட்டதைக் கொடுத்து அனுப்புவார். எல்லாருக்கும் வேண்டியவர்.

2005 நவம்பர் 17 அன்று, "படைகளைத் திரும்பக் கூப்பிடுங்கள்" என்றார். மறுநாள் இரவே குடியரசுக் கட்சித் தலைமை அவர் தீர்மானத்தை எடுக்காமல், "உடனே வெளியேறு" என்று அதைச் சுருக்கி வேறொரு தீர்மானத்தைக் கொண்டுவந்து 403-3 என்று தோற்கடித்தது. மர்த்தாவே அதை எதிர்த்துத்தான் ஓட்டளித்தார். அந்த விவாதத்தில்தான் ஓஹியோவின் ஜீன் ஷ்மிட், கோழைகள்தான் பாதியில் ஓடுவார்கள், மரைன்கள் ஓடமாட்டார்கள் என்று ஒரு கர்னல் சொல்லச் சொன்னதாக அவையில் சொல்லிவிட்டு, கூச்சல் கிளம்பியதும் அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, அப்ஸ்காம் என்ற எஃப்.பி.ஐ. லஞ்சப் பொறியில் 1980-இல் எடுத்த வீடியோ மீண்டும் சுற்றுக்கு வந்தது. அரபு ஷேக்கின் ஆட்கள் என்று வேஷம் போட்ட எஃப்.பி.ஐ. ஏஜென்ட்கள் 50,000 டாலர் காட்டுகிறார்கள். மர்த்தா வாங்கவில்லை. ஆனால் "இப்போதைக்கு வேண்டாம்" என்கிற மாதிரிப் பேசி, என் தொகுதியில் முதலீடு செய்யுங்கள் என்கிறார். 25 வருஷம் அந்த வீடியோ யார் கண்ணையும் உறுத்தவில்லை. போருக்கு எதிராக வாய் திறந்த பிறகுதான் உறுத்தியது.

#2 டல்லாஸ் குமரன்

தென்திசை சார், பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மென்று விழுங்கிவிட்டீர்கள்.

அப்ஸ்காமில் ஆறு பிரதிநிதிகளும் ஒரு செனட்டரும் தண்டிக்கப்பட்டார்கள். மர்த்தா மீது வழக்கு இல்லை, சரி. ஆனால் 1981-இல், உறுப்பினர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் சபையின் எத்திக்ஸ் கமிட்டி அவர் விவகாரத்தை மூடிய அதே நாள், கமிட்டியின் சிறப்பு வழக்கறிஞர் பிரெட்டிமன் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அப்போது சபை யார் கையில்? உங்கள் ஜனநாயகக் கட்சி கையில்.

2006 நவம்பரில் தேர்தல் ஜெயித்த கையோடு, சபாநாயகர் ஆகவிருந்த நான்சி பெலோசி என்ன சொன்னார்? வரலாற்றிலேயே மிக நேர்மையான, வெளிப்படையான, நெறியான காங்கிரஸ் நடத்துவோம் என்றார். அடுத்து, பெரும்பான்மைத் தலைவர் பதவிக்கு அவர் கைகாட்டிய ஆள் யார்? மர்த்தா. அந்த மர்த்தா அதே வாரம் கட்சிக் கூட்டத்தில் பெலோசியின் எத்திக்ஸ் சீர்திருத்த மசோதாவையே சுத்தக் குப்பை என்றார்! அவர் கட்சிக்காரர்களுக்கே தாங்கவில்லை. 149-86 என்று ஸ்டெனி ஹோயர் ஜெயித்தார்.

எங்கள் பக்கம் தப்பு செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள். உங்கள் பக்கத்தில் தலைமைப் பதவிக்குச் சிபாரிசு.

#3 நியூஜெர்சி நடேசன்

> எங்கள் பக்கம் தப்பு செய்தவர்கள் சிறைக்குப் போனார்கள்

போனார்களா, அனுப்பப்பட்டார்களா? ரேண்டி "டியூக்" கன்னிங்ஹாம். சான் டியாகோ, குடியரசுக் கட்சி, வியட்நாமில் விமானி. மர்த்தா இருந்த அதே பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் துணைக்குழுவில் உறுப்பினர். 24 லட்சம் டாலர் லஞ்சம். எவ்வளவு மதிப்புள்ள ஒப்பந்தத்துக்கு எவ்வளவு லஞ்சம் என்று காங்கிரஸ் முத்திரை போட்ட தாளிலேயே விலைப்பட்டியல் எழுதிக் கொடுத்த மகான். டெல் மாரில் இருந்த அவர் வீட்டை எம்.இசட்.எம். என்ற பாதுகாப்பு ஒப்பந்தக் கம்பெனியின் மிட்செல் வேட் 16 லட்சத்து 75 ஆயிரத்துக்கு வாங்கி, 7 லட்சம் நஷ்டத்துக்கு விற்றார். அந்த நஷ்டத்தை மோப்பம் பிடித்தது பத்திரிகை. எத்திக்ஸ் கமிட்டி இல்லை. 2005 நவம்பர் 28 அன்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு ராஜினாமா. எட்டு வருஷம் நாலு மாதம்.

கவனியுங்கள்: மர்த்தா "திரும்பி வாருங்கள்" என்று சொல்லிப் பதினோரு நாளில் இது நடக்கிறது. போருக்குப் பணம் கேட்டு வந்த மசோதா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்ட ஆள் கன்னிங்ஹாம். குமரன், உங்கள் "தோண்டினால் வரும்" சூத்திரத்தில் இவரை எங்கே வைப்பீர்கள்?

வழக்கு நடத்திய சான் டியாகோ அரசு வழக்கறிஞர் கேரல் லாம் என்ன ஆனார் என்பதையும் சொல்லுங்கள். 2006 டிசம்பரில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர்.

#4 சுண்டெலி

காங்கிரஸ் என்றதும் சத்தியமூர்த்தி பவன் சண்டை என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். பரவாயில்லை, நாற்காலி போட்டு உட்காருகிறேன்.

#5 ராஜி

குமரனும் நடேசனும் ஆளுக்கு ஒரு திருடனைக் காட்டிக்கொண்டே இருந்தால் இழை விடியும்வரை ஓடும். கதவு எங்கே திறந்திருந்தது என்பதைக் கொஞ்சம் பேசுவோம்.

இராக், ஆப்கானிஸ்தான் செலவு புஷ் காலத்தில் பெரும்பாலும் வழக்கமான ஆண்டு பட்ஜெட்டுக்கு வெளியே, "அவசரத் துணை ஒதுக்கீடு" என்ற பெயரில் வந்தது. அவசரம் என்று முத்திரை குத்தினால் செலவு உச்சவரம்பு பொருந்தாது. நாலு வருஷமாக நடக்கிற போர் எப்படி ஒவ்வொரு முறையும் திடீர் அவசரம் ஆகும் என்று கேட்டால், கேட்பவன் படையினருக்கு எதிரி. 2003 அக்டோபரில் 87 பில்லியன் டாலர் மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டதற்கு ஜான் கெர்ரி 2004 தேர்தல் முழுக்க அடி வாங்கினார். "எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன் ஆதரித்து ஓட்டுப் போட்டேன்" என்று அவர் விளக்கம் சொன்னது, அடித்தவர்களுக்கு அல்வாவாகப் போனது. அந்த பயம் உறுப்பினர்களிடம் பல வருஷம் இருந்தது.

இன்னொரு கதவு எர்மார்க். இன்ன தொகுதியில் இன்ன கம்பெனிக்கு இத்தனை லட்சம் என்று உறுப்பினர் சொல்லி, பாதுகாப்பு மசோதாவுக்குள் நுழைக்கிற பணம். டெண்டர் போட்டி கிடையாது. 2007 வரை யார் கேட்டது என்று பெயர்கூடப் போடவேண்டியதில்லை. பல நூறு பில்லியன் ஓடுகிற மசோதாவில் இருபது லட்சத்தை யார் தேடிப் பார்ப்பார்கள்? போர்க்காலத்தில் அந்த மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடவும் யாருக்கும் தைரியம் வராது. மசோதா நிச்சயம் நிறைவேறும் என்றால் அதற்குள் ஏறிக்கொள்வதற்குக் கூட்டம் சேரத்தானே செய்யும். கன்னிங்ஹாம் வந்தது அந்த வழியாக. மர்த்தாவின் ஜான்ஸ்டவுனுக்குப் பணம் போனதும் அந்த வழியாகத்தான். ஒருவர் செய்தது குற்றம், இன்னொருவர் செய்தது சட்டத்துக்கு உட்பட்டது. கதவு ஒன்று.

#6 சுண்டெலி

ராஜி அக்கா சொல்வது புரிகிறது. நம்ம ஊர் மொய் நோட்டுதான். கம்பெனி தேர்தல் நன்கொடை எழுதும், உறுப்பினர் எர்மார்க் எழுதுவார், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். மொய் வைத்ததால்தான் மொய் வந்தது என்று எந்தக் கோர்ட்டில் நிரூபிப்பீர்கள்?

#7 வைகைக்கரை

இங்கே டெல்லியில் அதே 2005 டிசம்பரில் கேள்வி கேட்கக் காசு வாங்கியதாக டிவியில் வந்த 11 எம்.பி.க்களைப் பத்துப் பதினொரு நாளில் வெளியே அனுப்பினார்கள். அமெரிக்காவில் ஏன் முடியவில்லை?

#8 ராஜி

வைகைக்கரை, அங்கே உறுப்பினரை நீக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஒரு கட்சி மட்டும் நினைத்தால் நடக்காது. பிரதிநிதிகள் சபை மொத்த வரலாற்றிலும் ஆறு பேரைத்தான் நீக்கியிருக்கிறது: உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கம் சாய்ந்த மூவர், அப்ஸ்காமில் மாட்டிய ஓஸி மையர்ஸ் 1980-இல், டிராஃபிகன்ட் 2002-இல், சான்டோஸ் 2023-இல்.

எத்திக்ஸ் கமிட்டியில் இரு கட்சிக்கும் சரிபாதி உறுப்பினர்கள். மற்றக் குழுக்களில் பெரும்பான்மைக் கட்சிக்கு அதிக இடம், இதில் மட்டும் சமம். பழிவாங்கலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. நடைமுறையில், இரு பக்கமும் சேர்ந்து சரி என்றால்தான் வண்டி நகரும். 1997-இல் நியூட் கிங்ரிச்சுக்கு 395-28 என்று கண்டனமும் 3 லட்சம் டாலர் அபராதமும் விழுந்த பிறகு, நீ என்மேல் புகார் கொடுக்காதே, நான் உன்மேல் கொடுக்கமாட்டேன் என்று சொல்லாமலே ஒரு உடன்பாடு ஏழு வருஷம் ஓடியது. 2004-இல் டெக்சாஸின் கிறிஸ் பெல், குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் டாம் டீலே மீது புகார் கொடுத்துத்தான் அது உடைந்தது.

#9 நியூஜெர்சி நடேசன்

உடைந்ததும் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ராஜி. கமிட்டி 2004-இல் டீலேவைக் கண்டித்தது. கமிட்டித் தலைவர் ஜோயல் ஹெஃப்லி, அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். 2005 தொடக்கத்தில் அவரை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டு டாக் ஹேஸ்டிங்ஸை உட்காரவைத்தார்கள். விசாரணை விதிகளையே மாற்றினார்கள். எங்கள் பக்கம் ஒத்துழைக்க மறுத்தது. அந்த வருஷத்தின் பெரும்பகுதி கமிட்டி கடை விரிக்கவே இல்லை. கன்னிங்ஹாம் விலைப்பட்டியல் போட்டு வாங்கியது வெளியே வந்த வருஷம் எது? அதே 2005.

#10 டல்லாஸ் குமரன்

உங்கள் பக்கத்துக் கமிட்டிக்காரர் ஆலன் மல்லஹன் என்ன ஆனார், அதைச் சொல்லவில்லையே? எத்திக்ஸ் கமிட்டியில் ஜனநாயகக் கட்சியின் மூத்த உறுப்பினர், தன் சொத்துக் கணக்கு பற்றியே புகார் வந்து 2006 ஏப்ரலில் விலகினார். பின்னால் நீதித்துறை வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடேசன் குதிப்பார்.

லூசியானாவின் வில்லியம் ஜெஃபர்சன்? வீட்டு ஃப்ரீசரில் 90,000 டாலர். 2006 மே மாதம் எஃப்.பி.ஐ. அவர் காங்கிரஸ் அலுவலகத்துக்குள் புகுந்தபோது எங்கள் சபாநாயகர் ஹாஸ்டர்ட்டும் உங்கள் பெலோசியும் சேர்ந்து கூட்டறிக்கை விட்டார்கள். லஞ்சத்துக்கு எதிராக என்றா நினைக்கிறீர்கள்? சோதனைக்கு எதிராக! அந்த வருஷம் இரு கட்சித் தலைமையும் மனமொத்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

#11 நியூஜெர்சி நடேசன்

அதிகாரப் பிரிவினைக் கேள்வி அது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தச் சோதனை நடந்த முறை அரசியல் சட்டத்தை மீறியது என்றுதான் சொன்னது. பெலோசி ஜெஃபர்சனை வரிவிதிப்புக் குழுவிலிருந்து நீக்கினார், கட்சிக் கூட்டத்தில் 99-58. சொந்தக் கட்சி கறுப்பின உறுப்பினர்களின் கோபத்தை வாங்கிக்கொண்டு செய்தார்.

#12 டல்லாஸ் குமரன்

நீக்கிவிட்டு, 2007 தொடக்கத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவில் இடம் கொடுக்கப் பார்த்தார். நடேசன் எப்போதும் முதல் பாதியோடு நிறுத்திவிடுவார்.

சரி, போர் ஓட்டுக்கு வருவோம். 2007 மார்ச் 23. இராக்கிலிருந்து படை திரும்பத் தேதி குறித்த மசோதா. பிரதிநிதிகள் சபையில் 218-212. அந்த 218 எப்படி வந்தது? கீரை விவசாயிகளுக்கு 25 மில்லியன், நிலக்கடலைக் கிடங்குக்கு 74 மில்லியன். பாக்தாதில் எங்கே கீரை பயிரிடுகிறார்கள்? மனசாட்சி ஓட்டு என்று நீங்கள் சொல்லும் அந்த ஓட்டை, தலைமை பொட்டலம் கட்டி வாங்கியது. கன்னிங்ஹாம் கம்பெனியிடம் வாங்கினார். பெலோசி தன் உறுப்பினர்களுக்கே கொடுத்தார்.

#13 தென்திசை

கீரையும் கடலையும் அசிங்கம்தான், மறுக்கவில்லை. புஷ்ஷுக்கும் அது நல்ல ஆயுதமாகப் போனது. ஆனால் தனக்காக லஞ்சம் வாங்குவதும் கட்சித் தலைமை ஓட்டுச் சேர்க்கப் பேரம் பேசுவதும் ஒன்று என்றால், சட்டமன்றம் எதுவும் உலகத்தில் தேறாது.

அந்த மசோதாவில் கீரையைவிட முக்கியமான ஒன்று இருந்தது. மர்த்தாவின் யோசனை. போருக்குப் பணத்தை வெட்டாதே. முழுப் பயிற்சியும் தளவாடமும் இல்லாத பிரிவை அனுப்பக்கூடாது, வந்து ஓய்வெடுக்காதவனைத் திரும்ப அனுப்பக்கூடாது என்று நிபந்தனை போடு. அந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் அளவுக்குப் படை இல்லை என்று அவருக்குத் தெரியும். கூடுதல் படை அனுப்பும் புஷ்ஷின் திட்டம் தானாக முடங்கும். பட்ஜெட்டின் ஒவ்வொரு பூட்டும் தெரிந்த ஆளால்தான் இப்படி யோசிக்க முடியும். எதிர்த்தரப்பு அதற்கு "மெல்ல ரத்தம் வடியவிடும் திட்டம்" என்று பெயர் கட்டியது. அவர் கட்சி பயந்து, ஜனாதிபதி நினைத்தால் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து அதன் பல்லைப் பிடுங்கியது.

மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார். விமானந்தாங்கிக் கப்பலில் வெற்றிப் பதாகைக்குக் கீழே நின்று பேசி நாலு வருஷம் முடிந்த அதே தேதி. மறுநாள் வீட்டோவை முறியடிக்க நடந்த ஓட்டு 222-203. மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டக்கூட வரவில்லை.

#14 கொள்கைவேங்கை

மர்த்தா ஒரு திருடன், அவருக்கு வக்காலத்து வாங்குகிற தென்திசை
[மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

#15 மட்டுறுத்துநர்

14-ஆம் பதிவில் மீதி நீக்கப்பட்டது. ஆளைப் பேசாமல் விஷயத்தைப் பேசவும். இரண்டாவது முறை எச்சரிக்கை இருக்காது.

#16 யாழ்தேவி

நான் ரொறன்ரோவில இருந்து இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வாறன். எல்லாரும் 218, 212 எண்டு கணக்குக் கதைக்கிறியள். அந்த 2007-ஆம் ஆண்டு அமெரிக்கப் படையில மட்டும் 900 பேருக்கு மேல இராக்கில செத்தவை. இராக்கியச் சனம் எத்தினை ஆயிரம் எண்டு சரியா எண்ணக்கூட ஆள் இல்லை.

எனக்கு ஒரு கேள்வி. சபையும் செனட்டும் சனநாயகக் கட்சியின்ர கையில. பணம் ஒதுக்கிற அதிகாரம் அரசியல் சட்டப்படி காங்கிரசுக்கு. மசோதாவைக் கொண்டுவராமலே விட்டிருந்தால் போர் நிண்டிருக்கும்தானே? பிறகேன் குடுத்தவை?

#17 ராஜி

யாழ்தேவி, சட்டப்படி முடியும். 1973-இல் இந்தோசீனாவில் படை நடவடிக்கைக்குப் பணம் கிடையாது என்று கேஸ்–சர்ச் திருத்தம் மூலம் காங்கிரஸ் செய்தே காட்டியது. ஆனால் அப்போது அமெரிக்கத் தரைப்படை ஏற்கனவே வெளியே வந்துவிட்டது. களத்தில் ஒன்றரை லட்சம் பேர் நிற்கும்போது பணத்தை நிறுத்துவது வேறு கதை. நிறுத்தினாலும் உடனே நின்றுவிடாது. 1861-இல் வந்த ஒரு சட்டம், ஒதுக்கீடு இல்லாமலே படைக்கு உணவு, உடை, எரிபொருள் கடனில் வாங்க அனுமதிக்கிறது. வேறு கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பலாம். 2007 ஏப்ரலில் பென்டகன் கடற்படை, விமானப்படைச் சம்பளக் கணக்கிலிருந்து தரைப்படைக்கு மாற்றக் கேட்டது. அந்த இடைவெளியில் ஒரு சிப்பாய் செத்தால் பழி யார்மேல் விழும்? அந்தக் கேள்விதான் மே மாதம் முழுக்க அவர்களை ஆட்டிவைத்தது.

#18 தென்திசை

யாழ்தேவி கேட்டதற்கு ராஜி சொன்னது காரணம். நடந்த விதம் இன்னும் சுவாரசியம். 2007 மே மாதக் கடைசி வாரத்தைப் பாருங்கள், என் வாதம் முழுவதும் அந்த ஒரு வாரத்தில் இருக்கிறது.

மே 22, செவ்வாய். மிச்சிகனின் மைக் ரோஜர்ஸ், குடியரசுக் கட்சி, மர்த்தா மீது கண்டனத் தீர்மானம் கொண்டுவருகிறார். ஜான்ஸ்டவுனில் இருந்த தேசியப் போதைப்பொருள் உளவு மையத்துக்கு 23 மில்லியன் டாலர். அதை வெட்ட ரோஜர்ஸ் முயன்றிருந்தார். அதற்குப் பழியாக மர்த்தா அவையிலேயே தன்னிடம் வந்து, பாதுகாப்பு மசோதாவில் உன் எர்மார்க் ஏதாவது இருந்தால் அது போய்விட்டது, இனி என்றைக்கும் கிடைக்காது என்று மிரட்டியதாகப் புகார். எர்மார்க்கை ஓட்டுக்கு விலையாக வைக்கக்கூடாது என்று பெலோசியின் புதுச் சபை அந்த ஜனவரியில்தான் விதி போட்டிருந்தது. 219-189. தீர்மானம் விவாதத்துக்கே எடுக்கப்படாமல் ஓரங்கட்டப்பட்டது. கிட்டத்தட்ட கட்சிக் கோடு பிசகாத ஓட்டு.

மே 24, வியாழன். இராக் பணம், தேதி ஏதும் குறிக்காமல். பெலோசி மசோதாவை இரண்டாகப் பிளந்தார். உள்நாட்டுச் செலவுக்குத் தனி ஓட்டு, போருக்குத் தனி ஓட்டு. போர்ப் பணம் 280-142 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சியில் 86 பேர்தான் ஆதரவு, 140 பேர் எதிர்ப்பு. மசோதாவை அவைக்குக் கொண்டுவந்த சபாநாயகரே எதிர்த்து ஓட்டுப் போட்டார். குடியரசுக் கட்சியின் ஓட்டில்தான் அது தேறியது. செனட்டில் 80-14. ஒபாமாவும் ஹில்லாரியும் எதிர்த்த 14 பேரில் இருந்தார்கள். பைடன் ஆதரித்தார்.

ஆக, செவ்வாய்க்கிழமை தங்கள் ஆளைக் காப்பாற்றக் கட்சி கட்டுக்கோப்பாக நின்றது. வியாழக்கிழமை, எதற்காக மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினார்களோ அந்த விஷயத்தில் இரண்டாக உடைந்தது. அந்தப் பக்கமும் அப்படித்தான். மர்த்தா இராக் பற்றி வாய் திறக்காமல் இருந்திருந்தால், 23 மில்லியன் எர்மார்க்குக்காக 189 பேர் எழுந்து நின்றிருப்பார்களா? இதே மையத்துக்கு எத்தனை வருஷமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது!

#19 நியூஜெர்சி நடேசன்

பெலோசி எதிர்த்து ஓட்டளித்தது நேர்மை. கொண்டுவந்தது கடமை. குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர் ஆனதும் அந்த மசோதாவோடு ஒட்டித்தான், அதை மறந்துவிடாதீர்கள். ஓட்டு எண்ணிக்கை இல்லாமல் வீரம் பேசி என்ன பயன்?

#20 டல்லாஸ் குமரன்

> மர்த்தா இராக் பற்றி வாய் திறக்காமல் இருந்திருந்தால்

இந்த இடத்தில் உங்கள் சூத்திரம் இடிக்கிறது தென்திசை. அரிசோனாவின் ஜெஃப் ஃப்ளேக்கை எங்கே வைப்பீர்கள்? எங்கள் கட்சி. எர்மார்க் என்றாலே எதிர்ப்பார், சொந்தக் கட்சிக்காரனுடையதையும் அவையில் பெயர் சொல்லி நாறடிப்பார். அதற்குப் பரிசாக 2007-இல் அவரை நீதித்துறைக் குழுவிலிருந்து தூக்கியது எங்கள் தலைமைதான்.

2008 நவம்பரில் பி.எம்.ஏ. குரூப் என்ற லாபி நிறுவனத்தில் எஃப்.பி.ஐ. சோதனை. அந்த நிறுவனத்தை நடத்தியவர் பால் மாலியோகெட்டி, முன்பு பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் துணைக்குழுவின் ஊழியர். வாடிக்கையாளர்களுக்கு எர்மார்க், உறுப்பினர்களுக்கு நன்கொடை. 2009-இல் ஃப்ளேக் திரும்பத் திரும்பத் தீர்மானம் கொண்டுவந்தார்: நன்கொடைக்கும் எர்மார்க்குக்கும் தொடர்பு உண்டா என்று எத்திக்ஸ் கமிட்டி விசாரிக்கட்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் பெரும்பான்மை ஓரங்கட்டியது. அதில் மாட்டக்கூடியவர்களில் எங்கள் பில் யங், டாட் டியார்ட் இருவரும் உண்டு. தெரிந்தேதான் செய்தார். இதில் போர் எங்கே வந்தது?

#21 தென்திசை

ஃப்ளேக்குக்கு முழு மதிப்பெண். ஆனால் அவர் ஒருவர்தான் என்பதும், சொந்தக் கட்சியே அவரைத் தண்டித்தது என்பதும் யார் வாதத்துக்கு உதவும்?

#22 ராஜி

பி.எம்.ஏ. முடிவைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரியாது.

2008 மார்ச்சில் எம்.பி.க்கள் அல்லாதவர்களைக் கொண்ட காங்கிரஸ் நெறிமுறை அலுவலகம் என்று ஒன்றை உருவாக்கினார்கள், 229-182. சம்மன் அனுப்பும் அதிகாரம் கிடையாது. விசாரித்துக் கமிட்டிக்குப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். பி.எம்.ஏ. விவகாரத்தில் ஏழு பேரைப் பார்த்தது, ஐந்து ஜனநாயகம், இரண்டு குடியரசு. மர்த்தா உட்பட ஐந்து பேரை விட்டுவிட்டு, பீட் விஸ்க்ளோஸ்கி, டாட் டியார்ட் இருவரை மேலும் விசாரியுங்கள் என்றது. ஆளுக்கு ஒரு கட்சி. 2010 பிப்ரவரி 26 அன்று கமிட்டி ஏழு பேர் மீதும் ஒன்றுமில்லை என்று மூடியது. மர்த்தா அதற்கு முன்பே, பிப்ரவரி 8 அன்று இறந்துவிட்டார்.

மாலியோகெட்டி குற்றத்தை ஒப்புக்கொண்டார். குடும்பத்தார், நண்பர்கள் பெயரில் நன்கொடையைச் சுற்றிவிட்டதற்கு 27 மாதம் சிறை. கொடுத்தவர் கம்பிக்குள். வாங்கியவர்களில் யாரும் இல்லை. இரண்டு கட்சியும் சரிபாதி உட்கார்ந்து எடுத்த முடிவு அது, குமரன் நடேசன் இருவருமே குறித்துக்கொள்ளுங்கள்.

#23 சுண்டெலி

அப்போ ஜான்ஸ்டவுன்?

#24 ராஜி

விமான நிலையத்துக்கு அவர் பெயர் இன்னும் இருக்கிறது. அந்தப் போதைப்பொருள் உளவு மையம் 2012-இல் மூடப்பட்டது. மர்த்தா போனபின் அதைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை.

எர்மார்க்கில் ஒரு மாற்றம் நடந்தது. 2010 மார்ச்சில் பிரதிநிதிகள் சபை ஒதுக்கீட்டுக் குழு, லாபநோக்குக் கம்பெனிகளுக்கு எர்மார்க் கிடையாது என்றது. மறுநாளே குடியரசுக் கட்சி, நாங்கள் ஒரு வருஷத்துக்கு எர்மார்க்கே கேட்கமாட்டோம் என்று ஏலத்தை ஏற்றியது. 2021-இல் வேறு பெயரில் எர்மார்க் திரும்பியபோதும் பிரதிநிதிகள் சபையில் கம்பெனிகளுக்குத் தடை தொடர்ந்தது.

#25 நியூஜெர்சி நடேசன்

இப்போது குமரன் உக்ரைன் இழையில் சொன்னதற்கு வருவோம். 2023 செப்டம்பர் 30: சபாநாயகர் மெக்கார்த்தி உக்ரைன் பணத்தைக் கழற்றிவிட்டு அரசு இயங்கத் தற்காலிக ஒதுக்கீடு கொண்டுவந்தார், 335-91. அக்டோபர் 3: அவர் கட்சியின் மாட் கெய்ட்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தில் 216-210 என்று மெக்கார்த்தியின் பதவி போனது. கெய்ட்ஸ் சொன்ன காரணம், உக்ரைனுக்காக பைடனோடு ரகசிய ஒப்பந்தம், செலவு வாக்குறுதி மீறல். மெக்கார்த்தி சொன்ன காரணம், கெய்ட்ஸ் மேல் இருந்த எத்திக்ஸ் விசாரணையை மெக்கார்த்தி நிறுத்தவில்லை என்று கெய்ட்ஸுக்குக் கோபம். போருக்குப் பணம் மறுத்த ஆள், விசாரணையில் இருந்த ஆள், இரண்டும் ஒரே ஆள். உங்கள் கட்சி!

#26 டல்லாஸ் குமரன்

அந்த 216-இல் எங்கள் ஆட்கள் எட்டே பேர். மீதி 208-ம் உங்கள் கட்சி. உக்ரைன் பணம் வேண்டும் என்று கத்திக்கொண்டே, அதைக் கொண்டுவந்திருக்கக்கூடிய சபாநாயகரைக் கெய்ட்ஸோடு கைகோத்துக் கவிழ்த்தது யார்? 22 நாள் சபாநாயகர் இல்லாமல் சபை கிடந்தது. உக்ரைன் பணம் அடுத்த ஏப்ரல் 20 வரை நகரவில்லை.

#27 தென்திசை

ஏப்ரல் 20 ஓட்டையும் எண்ணிப் பாருங்கள் குமரன். 311-112. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சி, ஆதரித்தவர்களில் அக்கட்சியினர் 101. சபாநாயகர் மைக் ஜான்சன் தன் கட்சியின் பெரும்பான்மை இல்லாமல், எதிர்க்கட்சி ஓட்டில் போர்ப் பணத்தை நிறைவேற்றினார். 2007 மே 24-இல் பெலோசி செய்ததும் அதுதான். கட்சி மாறியது, காரியம் மாறவில்லை. ஜான்சன் ஆதரித்து ஓட்டுப் போட்டார், பெலோசி எதிர்த்துப் போட்டார் என்பது மட்டும் வித்தியாசம்.

#28 யாழ்தேவி

கெய்ட்ஸின்ர விசாரணை பிறகு என்ன ஆனது?

#29 ராஜி

2024 நவம்பரில் அவரை அட்டர்னி ஜெனரல் பதவிக்கு டிரம்ப் அறிவித்ததும் உறுப்பினர் பதவியை ராஜினாமா செய்தார். ஆள் வெளியேறினால் பொதுவாகக் கமிட்டியின் அதிகாரமும் முடியும், அறிக்கை பெட்டிக்குள் போகும். எட்டு நாளில் அந்தப் பதவிப் போட்டியிலிருந்தும் விலகினார். டிசம்பர் 23 அன்று கமிட்டி அறிக்கையை வெளியிட்டே விட்டது. குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். நீதித்துறை வழக்குப் போடவில்லை. சரிபாதிக் கமிட்டியில் அது வெளிவர ஒரு குடியரசுக் கட்சி ஓட்டாவது விழுந்திருக்கவேண்டும்.

#30 டல்லாஸ் குமரன்

விழுந்தது. அதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், எங்கள் பக்கம் விழும். மெனெண்டெஸ் பற்றித் தனி இழை திறக்கிறேன். செனட் வெளியுறவுக் குழுத் தலைவர், எகிப்து ராணுவ உதவி, வீட்டில் தங்கக் கட்டி. நடேசன், உங்கள் நியூஜெர்சிதான், வந்துவிடுங்கள்.

#31 நியூஜெர்சி நடேசன்

வருகிறேன். அவருக்கு எதிராக இங்கே முதலில் குரல் கொடுத்தது எங்கள் கட்சிக்காரர்கள்தான் என்ற பட்டியலோடு வருகிறேன்.